ஒரு கம்ப்யூட்டருக்குள் முப்பது குடித்தனம்!
(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று சொல்லிப் பார்த்தேன். "தெரிஞ்சதை எழுதுப்பா" என்றார். எனக்குத் தெரிந்தது லேப். ஆகவே லேப் சர்வருக்குள் நடக்கிற ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புரியும்படி சொல்வது என் பொறுப்பு.

பிரச்சினை என்ன?

நெட்வொர்க் பிராக்டிகலில் ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக ஒரு லினக்ஸ் மெஷின் வேண்டும். அதில் அவர் ஐ.பி. முகவரியை மாற்றுவார், ஃபயர்வாலைக் கெடுப்பார், சில சமயம் மெஷினே எழுந்திருக்காதபடி செய்துவிடுவார். அப்படிச் செய்து பார்க்கத்தானே லேப்! ஆனால் காலை பேட்ச் முப்பது பேர் கெடுத்து வைத்த மெஷின்களில்தான் மதியம் அடுத்த முப்பது பேர் உட்கார வேண்டும். இடையில் சாப்பாட்டு நேரம் 45 நிமிடம். ஒரு மெஷினைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கையால் 4 நிமிடம் என்று வையுங்கள். முப்பதுக்கு 120 நிமிடம். லேப் அசிஸ்டன்ட் சார் பட்டினி கிடந்தாலும் மதிய பேட்ச்சுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மூன்று மணி நேரப் பிராக்டிகலில் இது சின்ன நஷ்டமா?

விர்ச்சுவல் மெஷின் என்றால்?

எங்கள் தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் ரோட்டுப் பக்கத்துச் சந்துகளில் ஒண்டுக் குடித்தன வீடுகள் உண்டு. வீடு ஒன்று, கிணறு ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குள் வராது. யாருக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

சர்வரும் அப்படித்தான். ஒரே பெரிய கம்ப்யூட்டரின் பிராசஸரையும் மெமரியையும் டிஸ்க்கையும் பங்கு போட்டுப் பல 'கம்ப்யூட்டர்'களாகக் காட்டுகிறது ஒரு மென்பொருள். அந்த வீட்டுக்காரருக்குப் பெயர் ஹைப்பர்வைசர். குடித்தனக்காரர்தான் விர்ச்சுவல் மெஷின். தனக்கென்று ஒரு முழு கம்ப்யூட்டர் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும்!

இது நேற்று வந்த சங்கதி அல்ல. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம். ஆய்வு மையம் 1967-லேயே சி.பி.-40 என்ற அமைப்பில் ஒரே கம்ப்யூட்டரில் 14 விர்ச்சுவல் மெஷின்கள் வரை ஓட்டியது. 1972-ல் வி.எம்./370 என்ற பெயரில் அது விற்பனைக்கே வந்தது. அடுத்த ஆண்டு, 1973-ல், நம் ஊர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்து இறங்கியது. பிறகு சிறிய கம்ப்யூட்டர்கள் மலிந்ததும் இந்த யோசனை பின்னுக்குப் போனது. 1999-ல் வி.எம்.வேர் நிறுவனம் சாதாரண பி.சி.யிலேயே இதைச் செய்து காட்டியது. 2005, 2006-ல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் இதற்கான வசதியைப் பிராசஸருக்குள்ளேயே வைத்தன. 2007-ல் கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இது காசில்லாமல் கிடைக்கிற சரக்கு.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை போகிற வழியில், நந்தனத்தில் எல்காட் தலைமை அலுவலகம். 1977-ல் தொடங்கிய அரசு நிறுவனம். தமிழக அரசுத் துறைகளின் கணினிச் சேவைகளைத் தாங்கும் மாநிலத் தரவு மையத்தைப் பெருங்குடியில் நடத்துவது இவர்கள்தான். இப்படிப்பட்ட மையங்களில் துறைக்கொரு சர்வர் வாங்கி அடுக்கினால் இடமும் கரண்டும் கட்டுப்படியாகாது. பொது சர்வர்களில் விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரித்துக் கொடுப்பதுதான் இன்று வழக்கம். மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் 2015 முதல் சென்னையிலேயே தரவு மையம் வைத்திருக்கிறது. அங்கே வாடகைக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் இந்தக் குடித்தனம்தான். ஆயிரக்கணக்கான மெஷின்களை யாரும் மவுஸால் தட்டித் தட்டி நடத்த முடியாது. ஸ்கிரிப்ட்தான் நடத்துகிறது.

பைத்தான் எங்கே வருகிறது?

கே.வி.எம்.முக்கும் நமக்கும் நடுவே லிப்விர்ட் என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. பைத்தானிலிருந்து அதைக் கூப்பிடலாம். (1991-ல் வெளிவந்த மொழி பைத்தான். பெயர் பாம்பைப் பார்த்து வைத்ததல்ல, மான்டி பைத்தான் என்ற டி.வி. நகைச்சுவைக் குழுவைப் பார்த்து வைத்தது!)

லிப்விர்ட்டில் விர்ச்சுவல் மெஷினுக்கு 'டொமைன்' என்று பெயர். அதன் கட்டளைகளில் சில, கேட்டதும் தப்பாகப் புரியும். 'கிரியேட்' என்றால், ஏற்கெனவே பதிவு செய்த மெஷினை ஆன் செய்வது. 'ஷட்டவுன்' என்றால் "தயவுசெய்து அணைந்துகொள்" என்று வேண்டுகோள் விடுவது. உள்ளே இருக்கிற லினக்ஸ் தொங்கிப் போயிருந்தால் அதைக் கண்டுகொள்ளாது. 'டெஸ்ட்ராய்' என்ற பெயரைப் பார்த்ததும் மெஷினே அழிந்துவிடும் என்று பயம் வரும். உண்மையில் அது பிளக்கைப் பிடுங்குவது மட்டும்தான், டிஸ்க் அப்படியே இருக்கும். பதிவையே நீக்குவது 'அன்டிஃபைன்'. இந்த நாலையும் தெளிவாகத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

இனி டிஸ்க். விர்ச்சுவல் மெஷினின் ஹார்ட் டிஸ்க் என்பது சர்வரில் இருக்கும் ஒரு ஃபைல், அவ்வளவே. சுத்தமாக இன்ஸ்டால் செய்த ஒரு மூல ஃபைல் 12 ஜி.பி. என்றால், முப்பது நகலுக்கு 360 ஜி.பி. வேண்டும். நாம் அப்படி நகல் எடுப்பதில்லை. மூலத்தின் மேல் ஆளுக்கொரு மெல்லிய 'ஓவர்லே' ஃபைல் போடுகிறோம். வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துக் கிறுக்குகிற மாதிரி. மாணவர் செய்யும் மாற்றமெல்லாம் டிரேசிங் பேப்பரில்தான் விழும். மெஷின் கெட்டுப்போச்சா? பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு வை. சில விநாடி வேலை.

இரண்டு எச்சரிக்கை. ஓவர்லேக்கள் இருக்கும்போது மூல ஃபைலில் கை வைத்தால் அதன் மேல் உள்ள முப்பதும் கெடும். ஆகவே அதை எழுத முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். இன்னொன்று, ஒரே மூலத்திலிருந்து பிறந்த முப்பது மெஷினுக்கும் உள்ளே 'மெஷின்-ஐடி' ஒன்றாகவே இருக்கும். உபுண்டுவில் ஐ.பி. முகவரி கேட்கும்போது அந்த ஐடியை வைத்தும் அடையாளம் சொல்வதுண்டு. இரண்டு மெஷின் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும். மூலத்தில் அந்த ஃபைலைக் காலி செய்து வைத்தால் ஒவ்வொரு மெஷினும் முதல் தடவை எழும்போது தனக்கென்று புது ஐடி எழுதிக்கொள்ளும்.

ஸ்கிரிப்டின் எலும்புக்கூடு

பைத்தானில் ஏறக்குறைய நூறு வரி. தமிழில் சொன்னால்:

1. லிப்விர்ட்டிடம் எல்லா மெஷின்களின் பட்டியலையும் கேள். 'லேப்' என்று தொடங்கும் பெயர்களை மட்டும் எடு. மற்றவற்றின் பக்கமே போகாதே.
2. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாணவரின் ரெகார்டு ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகல் எடு. நகல் சரியாக வந்ததா பார். வரவில்லையென்றால் அந்த மெஷினைத் தொடாதே. லாக் ஃபைலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போ.
3. ஷட்டவுன் சொல். ஒரு நிமிடம் வரை அணைந்ததா என்று பார்த்துக்கொண்டிரு. அணையாவிட்டால் டெஸ்ட்ராய்.
4. பழைய ஓவர்லேயை நீக்கு, புதிய ஓவர்லேயை வை.
5. ஐந்து ஐந்தாக ஆன் செய். நடுவே கொஞ்சம் இடைவெளி விடு.
6. கடைசியில் எத்தனை எழுந்தது, எத்தனை எழவில்லை என்று ரிப்போர்ட் கொடு.

ஐந்தாவது வரி எதற்கு? தண்ணி லாரி வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் குடத்தோடு ஓடினால் என்ன ஆகும்? முப்பது மெஷின் ஒரே நொடியில் பூட் ஆனால் டிஸ்க்குக்கும் அதே கதிதான். வரிசையில் விட்டால் எல்லாருக்கும் சீக்கிரம் கிடைக்கும்.

மெமரிக் கணக்கும் ஸ்கிரிப்டே போட வேண்டும். சர்வரில் 64 ஜி.பி. இருந்தால், மெஷினுக்கு ஒன்றரை ஜி.பி. வீதம் முப்பதுக்கு 45. தாராளமாக இடம் இருக்கிறது. ஆளுக்கு 2 ஜி.பி. என்றால் 60, வீட்டுக்காரருக்கு 4 தான் மிச்சம். அவர் திணறினால் குடித்தனக்காரர் எல்லாரும் திணறுவார்கள்.

ஜாக்கிரதை!

இரண்டாவது வரியை மறுபடி படியுங்கள். மொத்த ஸ்கிரிப்டிலும் முக்கியமானது அதுதான் என்பேன். ஓவர்லேயைக் கிழிப்பது என்றால் ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்த வேலையைக் கிழிப்பது. கையால் செய்கிறவர் தப்புச் செய்தால் ஒரு மெஷின் போகும், உடனே தெரிந்து நிறுத்திவிடுவார். ஸ்கிரிப்டில் ஒரு கண்டிஷன் தப்பினால், டீ ஆறுவதற்குள் முப்பதும் போகும்! ஆகவே மூன்று பழக்கம் வேண்டும். அழிப்பதற்கு முன் நகல். நிஜமாக ஓட்டுவதற்கு முன், "இன்னின்ன செய்யப் போகிறேன்" என்று திரையில் மட்டும் காட்டுகிற ஒத்திகை ஓட்டம். மூன்றாவது, நடுவில் கரண்ட் போய் ஸ்கிரிப்ட் நின்றாலும் மறுபடி ஓட்டினால் விட்ட இடத்தைத் தானே கண்டுபிடிக்கும்படி எழுதுவது. "இதைச் செய்" என்று மட்டும் எழுதாமல், "ஏற்கெனவே ஆகியிருக்கிறதா பார், இல்லையென்றால் செய்" என்று எழுதினால் போதும்.

நம் வேலைக்கு உலை வைக்குமா?

பலரும் கேட்கிற கேள்வி. டிப்ளமோ முடித்தவருக்குத் தரவு மையத்தில் முதல் வேலை பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். டிக்கெட் வரும், மெஷினை ரீஸ்டார்ட் செய்வோம், மூடுவோம். அந்த வேலையைத்தான் ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்கிறது. மறைக்க வேண்டாம், அப்படிப்பட்ட சீட்டுகள் குறையும்.

ஆனால் இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் ஷிப்ட் சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். "தம்பி, ஸ்கிரிப்ட் ஓடும்போது யாரு வேணா வேடிக்கை பார்க்கலாம். அது நடுராத்திரி நின்னுபோச்சுன்னா, எங்க நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு சொல்ற ஆளுதான் எங்களுக்கு வேணும்." அவரும் டிப்ளமோதான். நம்மைப் போல் கேபிள் கிரிம்ப் செய்து, சர்வரைத் திறந்து தூசி தட்டி வந்தவர். கையால் செய்து பழகியவருக்குத்தான் ஸ்கிரிப்ட் பொய் சொல்லும்போது தெரியும். அந்தப் பழக்கம் நமக்கு லேபிலேயே கிடைக்கிறது. அதோடு பைத்தானும் சேர்ந்தால் நாம் வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2023 நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கியது. பிறகு ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. செலவு கூடிய பல நிறுவனங்கள் கே.வி.எம். போன்ற இலவச ஹைப்பர்வைசர்களின் பக்கம் பார்க்கத் தொடங்கின. அதே கே.வி.எம்.மை நாம் வீட்டிலேயே, ஒரு பைசா இல்லாமல் படிக்கலாம்.

எங்கே தொடங்குவது?

8 ஜி.பி. மெமரி உள்ள பழைய பி.சி. போதும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் என்ற வசதியை ஆன் செய்து, உபுண்டு போட்டு, கே.வி.எம்., லிப்விர்ட் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஸ்கிரிப்டே வேண்டாம். இரண்டு சின்ன மெஷின்களைக் கையால் உருவாக்கி, அணைத்து, கெடுத்து, சரிசெய்து பாருங்கள். இரண்டாம் வாரம், பெயரையும் ஓடுகிறதா இல்லையா என்பதையும் அச்சிடும் பத்து வரி பைத்தான். லிப்விர்ட்டில் 'படிக்க மட்டும்' என்ற முறையில் இணைப்பு எடுத்தால் எதையும் கெடுக்க வழியே இல்லை. தைரியம் வந்தபின் ஆன், ஆஃப். ஓவர்லே கிழிக்கிற வேலை எல்லாவற்றுக்கும் கடைசி.

முதலாம், இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் இந்த ஆண்டோடு கிளம்புகிறோம். ஸ்கிரிப்டும் அதன் விளக்கமும் லேப் சர்வரிலேயே இருக்கின்றன. திறந்து படியுங்கள், கேள்வி கேளுங்கள், மாற்றுங்கள். ஆனால் அந்த இரண்டாவது வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்!