கோடை லீவில் 'கோடிங்' கிளாஸ்: பணம் கட்டும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியது என்ன?

சென்னை: முழு ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை விட்டதுமே தெருவுக்குத் தெரு தட்டி போர்டுகள் முளைத்து விடுகின்றன. நீச்சல், கராத்தே, அபாகஸ் வரிசையில் இப்போது அதிகம் கண்ணில் படுவது 'கோடிங்' எனப்படும் கம்ப்யூட்டர் புரோகிராம் வகுப்பு. '30 நாளில் புரோகிராமர் ஆகலாம்', 'உங்கள் பிள்ளையே ஆப் தயாரிக்கலாம்' என்றெல்லாம் நோட்டீஸ் ஆசை காட்டுகிறது.

ஆட்டோ ஓட்டுபவர், கட்டிட வேலைக்கு செல்பவர், தையல் கடை வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் 'நம்ம புள்ள கம்ப்யூட்டர் படிச்சு நல்லா வரணும்' என்ற ஆசை உண்டு. அந்த ஆசையில் வட்டிக்கு வாங்கியாவது பணம் கட்டுகிறார்கள். ஒரு மாதம் கழித்து பிள்ளை கையில் பளபளவென்று சர்டிபிகேட் இருக்கும். 'என்ன கத்துக்கிட்ட?' என்று கேட்டால்தான் முழிக்கும்.

ஒரு மாத வகுப்பில் என்ன கிடைக்கும்? எது கிடைக்காது? பார்ப்போம்.

தக்காளி வாங்குவதும் புரோகிராம்தான்

புரோகிராம் என்றதும் பயப்பட வேண்டியது இல்லை. கடைக்கு போகும் பிள்ளையிடம், 'அரை கிலோ தக்காளி வாங்கிட்டு வா. கிலோ 60 ரூபாய்க்கு மேல இருந்தா கால் கிலோ போதும்' என்று அம்மா சொல்கிறார் அல்லவா? அதுவே ஒரு புரோகிராம்தான். என்ன செய்ய வேண்டும், எந்த நிலைமையில் மாற்றி செய்ய வேண்டும் என்று வரிசையாக சொல்லி விட்டார்.

ஒரே ஒரு வித்தியாசம். கடையில் தக்காளியே இல்லை என்றால் பிள்ளை திரும்பி வந்து சொல்லும். கம்ப்யூட்டருக்கு அந்த புத்தி கிடையாது. 'இல்லாவிட்டால் திரும்பி வா' என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது வரும். இப்படி ஒன்று விடாமல் யோசித்து எழுதப் பழகுவதுதான் முதல் ஒரு மாதத்தின் உண்மையான பாடம்.

எதில் தொடங்கலாம்?

7, 8-ம் வகுப்பு மாணவ-மாணவிகளுக்கு 'ஸ்கிராட்ச்' நல்ல தொடக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 2007-ம் ஆண்டு வெளியிட்ட இது, 8 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்காகவே தயாரிக்கப்பட்டது. முழுக்க இலவசம். திரையில் ஒரு பூனை நிற்கும். 'பத்து அடி நட', 'திரும்பு' என்று எழுதிய கட்டைகளை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்தால் பூனை அதன்படி ஆடும். எழுத்துப்பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை.

9-ம் வகுப்புக்கு மேல் என்றால் 'பைத்தான்' ஏற்றது. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்டது. மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கிலாந்தின் 'மான்டி பைத்தான்' காமெடி கோஷ்டி மீது இருந்த பிரியத்தில் வைத்த பெயர். இதுவும் இலவசம்தான். தமிழக அரசு 2019-ல் கொண்டு வந்த புதிய பாடத்திட்டத்தில் பிளஸ்-2 கம்ப்யூட்டர் சயின்சிலும் பைத்தான் இடம் பெற்றது. ஆகவே இப்போது படிப்பது பின்னால் பள்ளிக்கூடத்திலும் கைகொடுக்கும்.

7 கேள்வியில் மாட்டும் எண்

ஒரு மாத முடிவில் பிள்ளை என்ன செய்ய முடிய வேண்டும்? இதோ ஒரு சின்ன பரீட்சை.

கம்ப்யூட்டர் 1 முதல் 100-க்குள் ஒரு எண்ணை ரகசியமாக வைத்துக்கொள்ளும். நாம் ஒரு எண் சொல்ல வேண்டும். 'அதைவிட பெரியது', 'அதைவிட சிறியது' என்று அது பதில் தரும். கண்டுபிடிக்கும் வரை ஆட்டம் தொடரும். பைத்தானில் 15 வரிக்குள் இதை எழுதி விடலாம். நிபந்தனை பார்ப்பது, ஒரே வேலையை திரும்பத் திரும்ப செய்ய வைப்பது என்று அடிப்படை எல்லாமே இதற்குள் அடக்கம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மீதியை பாதியாக வெட்டிக் கேட்டால், எந்த எண்ணாக இருந்தாலும் அதிகபட்சம் 7 தடவையில் மாட்டிக்கொள்ளும். முதலில் 50. 'பெரியது' என்றால் 75. இப்படியே போக வேண்டும். எதையும் பார்த்து எழுதாமல் இந்த விளையாட்டை எழுதிக்காட்டி, '7 தடவை எப்படி?' என்பதையும் விளக்கி விட்டால் கட்டிய பணம் வீண் போகவில்லை என்று அர்த்தம்.

பூச்சி பிடிக்கத் தெரியணும்

முதல் தடவையே சரியாக ஓடும் புரோகிராம் அபூர்வம். தப்பு வரத்தான் செய்யும். இந்தத் தப்புக்கு ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். 1947-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க்-2' கம்ப்யூட்டர் கோளாறு செய்தபோது, உள்ளே ஒரு அந்துப்பூச்சி சிக்கி இருந்தது. அதை எடுத்து நோட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் அமெரிக்க அரும்பொருள் காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு முன்பே 'பக்' என்ற சொல் புழக்கத்தில் இருந்தாலும், அன்று நிஜப் பூச்சியே மாட்டியது!

வாத்தியார் போர்டில் எழுதுவதை காப்பியடித்தால் புரோகிராம் ஓடும். ஆனால் தப்பு வந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஓடாது. தன் தப்பை தானே தேடிக் கண்டுபிடிக்க விடும் ஆசிரியர்தான் நல்ல ஆசிரியர்.

இங்கிலீஷ் வராதே?

தமிழ் மீடியம் பிள்ளைகளின் பெரிய பயம் இதுதான். பைத்தானில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்கள் 35-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒரு வாரத்தில் மனசில் நின்றுவிடும். தமிழிலேயே புரோகிராம் எழுத 'எழில்' என்ற மொழியை முத்து அண்ணாமலை என்ற தமிழர் உருவாக்கி இருக்கிறார். அதில் 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் எழுத்து வரும். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்திலும் தமிழ் விளக்கத்துடன் பாட வீடியோக்கள் இலவசமாக கிடைக்கின்றன.

சேர்க்கும் முன் 5 கேள்வி

வகுப்பில் பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேட்டு விடுங்கள்.

1. ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டரா? மூன்று பேருக்கு ஒன்று என்றால் ஒருவர் அடிப்பார், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

2. முதல் நாள் வகுப்பை பணம் கட்டாமல் பார்க்க விடுவார்களா? பிள்ளையுடன் போய் உட்கார்ந்து பாருங்கள்.

3. போன வருடம் படித்த பிள்ளைகள் தாங்களே செய்த புரோகிராமை காட்ட முடியுமா?

4. எந்தப் பதிப்பு சொல்லித் தருகிறார்கள்? பைத்தான்-2 பதிப்புக்கு 2020-ம் ஆண்டுடன் ஆதரவு நிறுத்தப்பட்டு விட்டது. பைத்தான்-3 தான் வேண்டும். நீலத்திரையில் ஓடும் 'டர்போ சி' 1990-கள் காலத்து சரக்கு. அதில் எழுதும் பல புரோகிராம்கள் இன்றைய கம்ப்யூட்டரில் மாற்றாமல் ஓடாது.

5. பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? வாய்ப்பேச்சு வேண்டாம். ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

விளம்பரத்தை நம்பாதீங்க

2020-ம் ஆண்டு, ஆன்லைனில் கோடிங் சொல்லிக்கொடுத்த நிறுவனம் ஒன்றின் விளம்பரங்கள் மீது புகார்கள் குவிந்தன. விளம்பரத் தர கவுன்சில் தலையிட்ட பிறகு 5 விளம்பரங்கள் வாபஸ் பெறப்பட்டன. 'இதைப் படித்தால் லட்சம் லட்சமாக சம்பளம்' என்று 13 வயது பிள்ளையைக் காட்டி யார் சொன்னாலும் அது சுத்தப் பொய். ஒரு மாத சர்டிபிகேட்டை பார்த்து எந்தக் கம்பெனியும் வேலை தராது.

வகுப்புக்கு பணம் இல்லையா?

பணம் இல்லையே என்று மனம் தளர வேண்டாம். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய பழைய லேப்டாப் வீட்டில் தூங்கிக் கொண்டிருக்கலாம். ஓடும் நிலையில் இருந்தால் பைத்தான் தொடங்க அதுவே போதும். அதுவும் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு செல்போனிலேயே பைத்தான் எழுதிப்பார்க்கும் ஆப்கள் இருக்கின்றன. தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

வகுப்பில் சேர்த்தாலும் சரி, வீட்டிலேயே படித்தாலும் சரி, வாரம் ஒரு நாள் பிள்ளையை பக்கத்தில் உட்கார வைத்து, 'இந்த வாரம் நீயா என்ன செஞ்ச, காட்டு' என்று கேளுங்கள். அப்பா-அம்மாவுக்கு கம்ப்யூட்டர் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. பிள்ளை சொல்வது உங்களுக்கு புரிந்தால், பிள்ளைக்கும் பாடம் புரிந்து விட்டது என்று நம்பலாம்.