மலையேறும் இயந்திரங்கள் – 9: நான்கு பிளக், ஒரே பாதை

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் பழைய லேண்ட்ரோவர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. 1961இல் அறிமுகமான 2.25 லிட்டர் டீசல் எஞ்சின் பூட்டிய வண்டி என்றால் விடிகாலையில் அடம்பிடிப்பதும் கூடவே வரும். ஸ்டார்ட்டர் சுற்றும், புகைக்குழாயில் வெள்ளைப் புகை கசியும், எஞ்சின் பிடிக்காது. உடனே நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி வீசிவிட்டுப் புதிது போடுகிறவர்கள் பலர். அது அவசரக் காரியம் என்பது என் கட்சி. பிளக் செத்துவிட்டதா, பிளக்கைத் தேடிப் போன மின்சாரம் வழியில் செத்துவிட்டதா என்பதை அளந்து பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

‘மலேசியாவில் எதற்கையா ஹீட்டர் பிளக்?’ என்று கேட்கலாம். ஈப்போவில் அந்தக் கேள்வி செல்லும். ஆனால் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும், காற்றழுத்தமும் கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. இந்த எஞ்சினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதில்லை. தலைப்பகுதியிலுள்ள சிறு சுழல் அறைக்குள் தெளிக்கப்படுகிறது. குளிர்ந்த அறைச் சுவர், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 23க்கு 1 என்ற அழுத்த விகிதம் இருந்தும் தீப்பற்றல் தடுமாறுவது அதனால்தான்; அந்த அறையை முன்கூட்டியே சூடேற்றத்தான் ஹீட்டர் பிளக். பிஸ்டன் வளையம் தேய்ந்த வண்டியில் இன்னும் மோசம்.

இனி வயரிங். பழைய மாடல்களில் நான்கு பிளக்கும் தொடர் இணைப்பில் இருக்கும். கோயில் திருவிழாவில் தொங்கும் சீரியல் பல்பு மாதிரி. பேட்டரியிலிருந்து சாவி, அதன்பின் ஒரு மின்தடை, பிறகு பிளக் பிளக்காகக் கடந்து கடைசியில் எர்த். ஒவ்வொரு பிளக்குக்கும் வேண்டியது 1.7 வோல்ட்தான்; ஓடும் மின்னோட்டமோ ஏறக்குறைய 40 ஆம்பியர். ஒன்று அறுந்தால் நான்கும் அணைந்துவிடும். எது அறுந்தது என்பதை மல்டிமீட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். சாவியை ஹீட்டர் நிலையில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் போதும். மீட்டரின் கறுப்பு முனையை எஞ்சின் உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் வோல்ட் படி இறங்குவதுபோல இறங்கும்: மின்தடையைத் தாண்டியதும் 7க்கு அருகில், பிறகு 5, 3.4, 1.7, கடைசியில் பூஜ்யம். அறுந்திருந்தால் படியே இராது. 12 வோல்ட் அப்படியே வந்துகொண்டிருந்து ஓரிடத்தில் பூஜ்யத்துக்குக் குதிக்கும். குதிக்கிற இடம்தான் குற்றவாளி. கடைசிப் பிளக்கைத் தாண்டியும் 12 காட்டினால் பிளக்குகள்மேல் பழியே இல்லை, எர்த் வயரைப் பாருங்கள். ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. நல்ல பிளக்கின் தடை 0.04 ஓம்தான், மீட்டரின் வயருக்கே அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

முழுசாக அறுந்தது கண்டுபிடிக்க எளிது. பாதி செத்ததுதான் ஆளை ஏய்க்கும். பனியும் தூறலும் ஓயாத மலையில் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை கூடியது என்று வையுங்கள். முன்விளக்கின் 5 ஆம்பியருக்கு அது 0.1 வோல்ட் இழப்பு, கண்ணுக்கே தெரியாது. 40 ஆம்பியர் பாதையில் மூன்று இணைப்புகள் அப்படிக் கெட்டால் மின்னோட்டம் 33 ஆம்பியருக்கு விழும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பிளக்குகளின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இந்த வண்டியில் புதுப் பிளக் நான்கு போட்டாலும் மறுநாள் அதே வெள்ளைப் புகைதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திருகை இறுக்கினால் தீர்ந்துவிடும்.

பிளக் விலையைவிட மெக்கானிக்கின் நேரம் விலை கூடியது என்பார்கள். கடையில் தப்பான பிளக் வாங்கி வந்தால் அந்தக் கணக்கு கவிழும். 12 வோல்ட் பிளக்கைத் தொடர் இணைப்பில் போட்டால் வெதுவெதுப்போடு சரி, 1.7 வோல்ட் பிளக்கை நேரே பேட்டரியில் கொடுத்தால் நொடியில் கருகும். பக்க இணைப்புக்கே மாற்றிவிடலாமே என்பது இதைவிட வலுவான வாதம், நானும் எதிர்க்கவில்லை. ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் எரியும். ஆனால் அதுவே சிக்கல்: வண்டி மூன்று சிலிண்டரில் குலுங்கிக்கொண்டே கிளம்பிவிடும், செத்த பிளக் மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கும். அங்கே பொது வயரைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும். தவிர, பக்க இணைப்புக்கு மாற்றுவது கனமான வயரும் ரிலேயும் கேட்கும் வேலை. பழைய மெல்லிய வயரிலேயே ஒப்பேற்றினால் முந்தின இழப்பு அப்படியே தொடரும்.

இரவில் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்வதும் மலையில் ஒரு வழி. பலர் அதைச் சோம்பல் என்பார்கள். நான் சாட்சியம் என்பேன். உருளும்போது எஞ்சின் ஸ்டார்ட்டரைவிட வேகமாகச் சுற்றுகிறது, காற்றின் சூடு சுவருக்குப் போக அவகாசம் இல்லை. உருட்டியதும் பிடித்துக்கொள்கிற வண்டிக்கு டீசல் ஒழுங்காக வருகிறது. குறை சூட்டில், அல்லது ஸ்டார்ட்டரின் வேகத்தில். உருட்டியும் பிடிக்காமல், வோல்ட் படிகளும் சரியாக இருந்தால், பார்க்க வேண்டியவை இன்ஜெக்டரும் வால்வும். அவை அடுத்த வாரம்.

(தொடரும்)