ஒரு சிறு சக்கரமும் ஒரு மெல்லிய குழாயும்



ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வருகிற சபையார் ஆபரேஷன் தியேட்டரையும் எக்ஸ்ரே கருவியையும் கண்டு வியக்கிறார்கள். ஆனால் கட்டில்களின் அருகே தொங்குகிற ஒரு சிறு பொருளை யாரும் கவனிப்பதில்லை. சலைன் பாட்டிலிலிருந்து இறங்கும் குழாயின் மேல், கட்டைவிரலால் உருட்டக்கூடிய ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதை எங்கள் சிஸ்டர்கள் ‘ரெகுலேட்டர்’ என்பார்கள். ‘ரோலர் கிளாம்ப்’ என்றும் சொல்வதுண்டு. இந்த இதழில் அதைப் பற்றி விளக்கமாக எழுதுகிறோம். காரணம் உண்டு. நோயாளியின் மேல் உள்ள அன்பினாலேயே உறவினர் அந்தச் சக்கரத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அதனால் ஆபத்தும் நேரிடக்கூடும்.

நசுக்கினால் நிற்கும்

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நின்றுவிடுகிறது. கொஞ்சம் விட்டால் கொஞ்சமாக வருகிறது. ரோலர் கிளாம்ப் செய்யும் வேலையும் இதுவே. சாதாரணத் தண்ணீர்க் குழாயில் திருகும் வாஷரும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். இதிலோ அடைக்கிற பொருள் வெளியே இருக்கிறது. உள்ளே ஓடுவது அதைத் தொடுவதே இல்லை. ஆகவே கிருமி நீக்கப்பட்ட குழாய்க்குள் வெளிப்பொருள் ஒன்றும் நுழைய வழியில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் மோர் என்பவர், கண்ணாடி அளவுக்குழாயின் அடியிலுள்ள ரப்பர் குழாயை நசுக்கிப் பிடிக்கக் கம்பிக் கவ்வி ஒன்றைப் பயன்படுத்தினார். பள்ளி ஆய்வுக்கூடங்களில் அந்தக் கவ்வியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். சுரங்கங்களில் மணலும் கல்லும் கலந்த குழம்பை அனுப்பும்போது, இரும்பு வால்வு தேய்ந்துபோகும் என்பதால், தடித்த ரப்பர் குழாயை வெளியிலிருந்து நசுக்குகிற பெரிய வால்வுகளை வைக்கிறார்கள். மாவு, பொடி போன்றவை இறங்கும் இடங்களில், சாக்கின் வாயை முறுக்குவதுபோல மென்மையான உறையை முறுக்கி அடைக்கிற வால்வுகளும் உண்டு. நம்முடைய சரீரத்திலும் சிறு இரத்தக் குழாய்களின் சுவரிலுள்ள தசைகள் சுருங்கியும் தளர்ந்தும், எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் போகவேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகின்றன. நம்மை உண்டாக்கினவர் இதை முன்னமே அமைத்து வைத்திருக்கிறார்!

ரோலர் கிளாம்பின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பக்கம் சரிவாக இருக்கிறது. சக்கரத்தை உருட்ட உருட்ட, சரிவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே குழாய் படிப்படியாக நசுங்குகிறது. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். மற்றவை எல்லாம் மாறாதிருக்க, ஒரு குழாயின் உட்புறம் பாதியாகக் குறுகினால் அதில் ஓடுவது பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நசுங்கிய குழாய்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், சக்கரம் நூலளவு நகர்ந்தால்கூட ஓட்டம் வெகுவாக மாறுகிறது என்பது இதனால் விளங்கும்.

உப்புத் தண்ணீர் மருந்தான விதம்

பாட்டிலில் இருப்பது என்ன? பெரும்பாலும் சுத்தமான உப்புத் தண்ணீர்தான். தூத்துக்குடியில் வாழும் நமக்கு உப்பைப் பற்றிப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. நமது அளங்களில் பாயும் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம். மருந்துக்கென்று சுத்திகரித்த உப்பையே அதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

1831இல் காலரா இங்கிலாந்தில் பரவியபோது, ஓஷானசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து தந்தி அமைத்தவரும் இவரே. மறு ஆண்டு, 1832இல், ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் சாகும் தறுவாயில் இருந்தவர்களின் இரத்த நாளத்தில் உப்புத் தண்ணீரைச் செலுத்தினார், சிலர் பிழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் இதை முறைப்படுத்திக் காலரா மரணங்களைப் பெரிதும் குறைத்தார்.

சொட்டுகளின் கணக்கு

டாக்டர், “ஒரு லிட்டர், எட்டு மணி நேரம்” என்று எழுதுகிறார். நர்ஸ் அதைச் சொட்டுக் கணக்காக மாற்றவேண்டும். வழக்கமான செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. அப்படியானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கையில் கடிகாரத்தைப் பிடித்து, சொட்டு விழுகிற சிறு அறையைப் பார்த்து எண்ணி, சக்கரத்தைச் சரிசெய்கிறார்கள்.

குழந்தைகளுக்கு மைக்ரோ டிரிப் செட் உண்டு. அதில் 60 சொட்டு ஒரு மில்லி. மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கு எளிது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மணிக்கு 40 மில்லி என்றால், இந்தச் செட்டில் நிமிடத்துக்கு 40 சொட்டு. அதே 40 சொட்டை மறதியாகச் சாதாரணச் செட்டில் விட்டால், மூன்று மடங்கு ஏறிவிடும். அந்தக் குழந்தையின் சரீரத்திலுள்ள இரத்தம் மொத்தமே ஏறக்குறைய 800 மில்லி. சக்கரம் முழுவதும் திறந்து, அரை லிட்டர் பாட்டில் விரைவில் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

ஒருமுறை சரிசெய்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நசுங்கிய பிளாஸ்டிக் குழாய் நேரமாக ஆக மெல்லத் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. பாட்டிலின் உயரம் மாறினாலும் ஓட்டம் மாறுகிறது. ஆகவே சிஸ்டர்கள் திரும்பத் திரும்ப வந்து எண்ணுகிறார்கள்.

“கொஞ்சம் கூட்டி விடுங்கம்மா”

“சிஸ்டர், சொட்டுச் சொட்டா விழுதே, கொஞ்சம் கூட்டி விடுங்கம்மா, பிள்ளைக்குச் சீக்கிரம் தெம்பு வரட்டும்” என்று கேட்காத உறவினர் குறைவு. அவர்கள் மனதை நாங்கள் அறிவோம். ஆனால் வேகமும் மருந்தின் ஒரு பகுதியே.

உகாண்டா, கென்யா, தன்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடும் இரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2011இல் வெளியானது. சலைனை வேகமாகப் பெற்ற குழந்தைகளில் 10.5 சதவீதம் பேர் 48 மணி நேரத்துக்குள் மரித்தார்கள். அவ்விதம் வேகமாகப் பெறாத குழந்தைகளில் 7.3 சதவீதம் பேர். மருத்துவ உலகமே இதைக் கண்டு திகைத்தது. அதற்காக வேகம் எப்போதும் தவறு என்று எண்ணிவிடக்கூடாது. வயிற்றுப்போக்கினால் நீர் வற்றி மயங்கிக் கிடக்கிற குழந்தைக்கு முதலில் வேகமாகவே ஏற்றவேண்டும். அந்தப் பிள்ளைகள் இந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை. எது யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது டாக்டர்.

வாய்வழியாகக் குடிக்கக்கூடியவருக்குப் பல நேரங்களில் பாட்டிலே தேவையில்லை. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமான பங்காவனில் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. “பாட்டில் போடாத டாக்டர் நல்ல டாக்டர் இல்லை” என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆபத்து பெரும்பாலும் வருகிற வழி இதுதான். நோயாளி தூக்கத்தில் கையை மடக்குகிறார், அல்லது குழாயின் மேல் படுத்துவிடுகிறார். அதுவும் ஒரு நசுக்கல்தான். யாரும் வைக்காத கிளாம்ப். சொட்டு நின்றுவிடுகிறது. உறவினர் பதறி, சக்கரத்தை முழுவதும் திறந்துவிடுகிறார். பிறகு நோயாளி கையை நீட்டுகிறார். அடைப்பு விலகி, மருந்து தாராளமாக ஓடத் தொடங்குகிறது. அப்போது உறவினரும் கண்ணயர்ந்திருப்பார்.

இதற்கென்று பம்ப் கருவிகள் இருக்கின்றனவே என்பீர்கள். அவற்றில் பலவும் குழாயை விரல்போல வரிசையாக அழுத்தியே மருந்தைத் தள்ளுகின்றன. ஆனால் சக்கரத்தை மூடாமல் குழாயைப் பம்பிலிருந்து எடுத்துவிட்டால், மருந்து தடையின்றி ஓடிவிடும். ஆகவே இப்போது வரும் கருவிகளில் குழாயை எடுக்கும்போதே தானாக நசுக்கி மூடுகிற கவ்வி வைக்கிறார்கள். கருவி இருந்தாலும் பார்க்கிற கண் தேவை.

கடலோர மக்களுக்கு இது புரியும். முத்துக்குளித்த நாட்களில் ஒருவர் கல்லோடு இறங்குவார். இன்னொருவர் படகில் கயிற்றைப் பிடித்து, அது அசைவதையே கவனித்திருப்பார். 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளிப்பவர்களில் பலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் நீண்ட குழாய் வழியாகவே மூச்சு விடுகிறார்கள். அந்தக் குழாய் மடிந்தாலோ முறுக்கிக்கொண்டாலோ கீழே இருப்பவருக்குக் காற்று நின்றுவிடும். படகில் இருப்பவர் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கலாமா? நர்ஸின் வேலையும் அப்படிப்பட்டதே.

நீங்கள் செய்யக்கூடியது

வியாதியஸ்தரைச் சந்திக்கச் செல்லும் ஆதரவாளர்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை நீங்களாகத் திருப்பவேண்டாம். சொட்டு நின்றால், கை மடிந்திருக்கிறதா, குழாய் உடலுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஊசி குத்திய இடம் வீங்கினாலோ, நோயாளிக்குக் குளிர்நடுக்கமோ மூச்சுத்திணறலோ கண்டாலோ, பாட்டில் தீரும் தறுவாயில் இருந்தாலோ தாமதிக்காமல் சொல்லுங்கள். “வேகமாக ஏற்றுங்கள்” என்று சிஸ்டர்களை நெருக்கவேண்டாம். பாட்டிலைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு நோயாளியை நடக்கவைப்பதும் கூடாது.

இரவு இரண்டு மணிக்கு, வார்டில் விளக்கெல்லாம் குறைக்கப்பட்டபின், டார்ச் ஒளியில் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணுகிற நர்ஸ்மாரை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார்டில் பல கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு சக்கரம். எண்ணுவதற்கு இரண்டு கண்கள். அவர்கள் சோர்ந்துபோகாதபடி தேவன் பெலன் தருவாராக.

கிறிஸ்துவின் பணியில் உங்களுடன்,
ஆஸ்பத்திரி குருவானவர்