தக்காளி சாலட்டுக்குச் சுவை எப்படி வருகிறது?

நான்கு பழுத்த தக்காளி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லித் தழை, உப்பு, அரை எலுமிச்சை, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். அடுப்பு பற்றவைக்க வேண்டாம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இவ்வளவு எளிய சாலட்தான் ஒரு நாள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட வைக்கிறது. இன்னொரு நாள் சப்பென்று தண்ணீராய்க் கிடக்கிறது. நறுக்கும் கையில் இந்த வித்தியாசம் இல்லை. கத்தியை எடுப்பதற்கு நாலைந்து நாள் முன்பே தக்காளிக்குள் சுவை உருவாகத் தொடங்கிவிடுகிறது. அதை முழுமையாக வளரவிடுவதும், வளர்ந்ததைக் கெடுக்காமல் தட்டுக்குக் கொண்டுவருவதும்தான் நம் பங்கு.

இதைப் புரிந்துகொள்ள இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டி வழித்த மாவை உடனே தட்டில் ஊற்றினால் இட்லி கல்லாகத்தான் வரும். உப்புப் போட்டுக் கரைத்து, ஓர் இரவு வைத்துப் பொங்கவிடுகிறோம். வெயில் காலத்தில் சீக்கிரம் பொங்குகிறது, மார்கழியில் தாமதமாகிறது. பொங்கிய பிறகுதான் ஃபிரிட்ஜில் வைக்கிறோம். தக்காளி பழுப்பதும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் நடக்கிறது.

பழுப்பது எப்படித் தொடங்குகிறது?

முழு வளர்ச்சி அடைந்த பச்சைக் காய், எத்திலீன் என்ற வாயுவைச் சிறிதளவு சுரக்கத் தொடங்குகிறது. அந்த எத்திலீனே மேலும் எத்திலீனைச் சுரக்கச் சொல்லித் தூண்டுகிறது. மாவில் முதல் சில மணி நேரம் அசைவே தெரியாமல் இருந்து, பிறகு கிடுகிடுவென்று பாத்திரத்தின் விளிம்புக்கு ஏறிவிடுகிறதல்லவா? காயிலும் அப்படித்தான், தொடங்கிவிட்டால் வேகம் தானாகக் கூடும். மாவைப் பொங்கவைப்பவை அதில் பெருகும் நுண்ணுயிரிகள். தக்காளியைப் பழுக்கவைப்பவை அதன் செல்களிலேயே இருக்கும் நொதிகள். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எத்திலீன் தூண்டியதும் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பச்சையம் சிதைகிறது. லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி சேர்கிறது. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகிச் சதை மென்மையாகிறது. காய்க்குரிய கடும் புளிப்பு தணிந்து, இனிப்பு மேலெழுகிறது.

ஒட்டன்சத்திரத்திலோ ராயக்கோட்டையிலோ பெட்டி பெட்டியாக லாரியில் ஏறும் தக்காளியில் பெரும்பகுதி, நிறம் திரும்பத் தொடங்கிய செங்காய்ப் பருவத்தில் பறித்ததுதான். கனிந்த பழம் பயணத்தைத் தாங்காது. செங்காயாகப் பறிப்பதில் தவறும் இல்லை. அந்தப் பருவத்துக்குள் பழுக்கும் வேலை காய்க்குள் தொடங்கிவிட்டிருக்கும். செடியை விட்டுப் பிரிந்த பிறகும் தொடரும். வளர்ச்சி முடியாத பிஞ்சுக் காயைப் பறித்தால்தான் சிக்கல். அது உளுந்து குறைந்த மாவு. எத்தனை நேரம் வைத்தாலும் சரியாகப் பொங்காது. வெளியே சிவந்தாலும் உள்ளே சுவை இருக்காது.

செங்காயைச் சீக்கிரம் பழுக்கவைக்க, ஒரு காகிதப் பையில் வாழைப்பழத்தோடு போட்டு வாயை மடித்து வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் தக்காளியையும் தூண்டும். மாங்காயை அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழைய வழக்கமும் இந்த வாயுவைச் சிதறவிடாமல் பிடித்துவைப்பதற்குத்தான். கார்பைடு கல்லிலிருந்து வருவது அசிட்டிலீன் என்ற வேறு வாயு. பழங்களைப் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது.

எங்கே வைப்பது?

சூடு கூடினால் மாவு சீக்கிரம் பொங்கும், அதோடு புளித்தும் போகும். தக்காளிக்கும் ஓர் அளவு உண்டு. 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் லைக்கோபீன் உருவாவது தடைபடுகிறது. மஞ்சள் நிறமிகள் மட்டும் தங்கிவிடுகின்றன. கோடையில் வாங்கிய தக்காளி எத்தனை நாள் வைத்தாலும் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். பழுக்க வெளிச்சம் தேவையில்லை. ஜன்னல் வெயிலையும் அடுப்பு மேடையையும் விட்டு, வீட்டில் குளுமையான மூலையில் வையுங்கள். தக்காளித் தோலில் சுவாசத் துளைகள் இல்லை. ஈரமும் காற்றும் பெரும்பாலும் காம்புத் தழும்பு வழியாகவே போய்வருகின்றன. தழும்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் பழம் சீக்கிரம் வாடாது.

நிறம் சேர்வதற்கும் மணம் சேர்வதற்கும் உறவு இருக்கிறது. தக்காளியின் முக்கியமான மணப்பொருள்களில் சில, லைக்கோபீன் போன்ற நிறமிகள் உடைவதால்தான் பிறக்கின்றன. இந்த மணங்களில் சில இன்னொரு காரியமும் செய்கின்றன: சர்க்கரை கூடாமலே இனிப்பு கூடியதாக நம்மை உணரவைக்கின்றன. மணமில்லாத தக்காளி புளிப்பாக மட்டும் தெரிவதும் இதனால்தான்.

ஃபிரிட்ஜ் என்ன செய்கிறது?

பொங்காத மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் அது அப்படியே நின்றுவிடும். செங்காயும் அப்படித்தான் நின்றுவிடும். ஆனால் மாவை வெளியே எடுத்து வைத்தால் மறுபடி பொங்கும்; தக்காளி அப்படி மீள்வதில்லை. ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் அதன் செல் சவ்வுகள் பழுதடைகின்றன. பிறகு வெளியே எடுத்தாலும் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். சதை மாவுபோல் ஆகிவிடும்.

பழுத்த தக்காளிக்கும் குளிர் ஆகாது. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளிகளை 5 டிகிரியில் 7 நாள் வைத்து, பிறகு ஒரு நாள் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. மணம் மட்டும் குறைந்துபோயிருந்தது, திரும்பியும் வரவில்லை. மணத்தை உருவாக்கும் மரபணுக்களில் சில குளிரில் அடங்கிப்போயிருந்தன. மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் சூடு கண்டதும் விழித்துக்கொள்ளும். தக்காளியின் சொந்தச் செல்கள் பழுதானால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை.

ஆகவே சாலட்டுக்கான தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மிகவும் கனிந்து, அழுகிவிடும் என்ற நிலையில் இருப்பதை ஓரிரு நாள் உள்ளே வைக்கலாம். அதை ரசத்துக்கும் தொக்குக்கும் ஒதுக்கிவிடுவது நல்லது.

கத்தி பட்டதும்

நறுக்கும்போது எழும் அந்தப் பச்சை வாசனை, நறுக்குவதற்கு முன் பழத்தில் அவ்வளவாக இல்லை. செல்கள் உடைந்ததும் அவற்றின் கொழுப்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நொதிகளும் சந்திக்கின்றன. சில நொடிகளில் அந்த மணம் பிறக்கிறது. நேரம் ஆக ஆக மங்கிவிடுகிறது. அதனால் காலையில் நறுக்கி மதியம் பரிமாறுவதைவிட, சோறு வடித்த பிறகு நறுக்குவதே சரி. கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொண்ணைக் கத்தி தோலை அழுத்தி, வெட்டுமுன்னே சாற்றைப் பலகையில் பிதுக்கிவிடும்.

விதையையும் அதைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியையும் வழித்து எறிந்துவிடாதீர்கள். தக்காளிக்கு நாவூறும் ருசியைத் தருவது குளூட்டமிக் அமிலம். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், வெளிச் சதையில் கிலோவுக்குச் சராசரியாக 1.26 கிராமும், விதை சூழ்ந்த பகுதியில் 4.56 கிராமும் இருந்தன. சாலட் நீர்த்துவிடும் என்று நாம் வழித்து எறிவது, பழத்தின் ருசி மிகுந்த பாகத்தை.

உப்பின் வேலை

பழுத்த தக்காளியில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். நறுக்கிய துண்டுமேல் உப்புத் தூவியதும், வெளியே உப்பு அடர்த்தியாகவும் செல்லுக்குள் குறைவாகவும் இருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யச் செல்லுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. நறுக்கியதில் உடைந்த செல்களின் சாறும் அதோடு சேர்கிறது. பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்பாகத் தேங்கும் அந்தச் சாற்றில் பழத்தின் சர்க்கரை, புளிப்பு, குளூட்டமிக் அமிலம் மூன்றும் கரைந்திருக்கின்றன. சாலட்டுக்குத் தனியாக எந்த டிரெஸ்ஸிங்கும் கலக்கத் தேவையில்லாதபடி செய்வது இந்தச் சாறுதான். வடித்துக் கொட்டாதீர்கள்.

ஒரு மணி நேரம் ஊறவைத்தால் தண்ணீர் அளவுக்கு மேல் வெளியேறித் துண்டுகள் துவண்டுவிடும். தயிர்ப் பச்சடி செய்வதென்றால் உப்பைப் பரிமாறும்போதுதான் போட வேண்டும். இல்லையென்றால் தயிர் நீர்த்துவிடும்.

எலுமிச்சையும் எண்ணெயும்

தக்காளியின் புளிப்பு பெரும்பாலும் சிட்ரிக் அமிலம், எலுமிச்சையிலும் அதுவே. நன்றாகக் கனிந்த பழத்தில் புளிப்பு குறைந்திருந்தால் எலுமிச்சைச் சாறு அதை ஈடுகட்டும். பழமே புளிப்பாக இருந்தால் எலுமிச்சையே வேண்டாம். ருசி பார்த்துவிட்டுப் பிழியுங்கள்.

எண்ணெய்க்கு இரண்டு வேலை. தக்காளியின் மணப்பொருள்களில் பல, தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. எண்ணெய் அவற்றைப் பிடித்துவைத்து வாயில் மெல்ல விடுகிறது. லைக்கோபீனும் கொழுப்பில் கரைவதுதான். கொஞ்சமாவது எண்ணெய் சேர்த்துச் சாப்பிட்டால்தான் உடல் அதை நன்றாக உறிஞ்சும். மரச்செக்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

செய்முறை

சுமார் 400 கிராம் தக்காளியைக் கடிக்கும் அளவுத் துண்டுகளாக நறுக்கி, பலகையில் வழிந்த சாற்றோடு கிண்ணத்தில் தள்ளுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி ஒருமுறை புரட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். அதற்குள் சின்ன வெங்காயத்தை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, எலுமிச்சை சேர்ப்பதானால் அதன் சாற்றில் போட்டுவையுங்கள், காரம் தணியும். பிறகு வெங்காயம், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் எல்லாம் சேர்த்து, அடியில் நிற்கும் சாறு மேலே வரும்படி கிளறி உடனே பரிமாறுங்கள். அடிச்சாற்றைச் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம்.

எந்தத் தக்காளி?

மேலே சொன்ன எல்லாம் சரியாக நடந்தும் சில தக்காளிகள் ருசிப்பதில்லை. இதற்கான ஒரு காரணம் 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஏறத்தாழ 70 ஆண்டுகளாகப் பயிர் வளர்ப்பாளர்கள், காயாக இருக்கும்போது ஒரே சீரான வெளிர்பச்சையாக இருக்கும் தக்காளிகளைத் தேர்ந்தெடுத்துவந்தார்கள். அவை சீராகச் சிவக்கும். பறிப்பதும் விற்பதும் எளிது. ஆனால் காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள்பட்டை தருகிற மரபணு அந்த ரகங்களில் செயலிழந்திருந்தது. அந்தக் கரும்பச்சையில் இருக்கும் கூடுதல் பச்சையம்தான் காய்க்குள்ளேயே சர்க்கரை சேர உதவுவது. பச்சைத் தோள்பட்டையோடு இனிப்பிலும் ஒரு பங்கு போய்விட்டது.

நம்மிடம் பச்சைத் தோள்பட்டைத் தக்காளிகள் இன்னும் இருக்கின்றன. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 அப்படிப்பட்டது: தட்டையான உருண்டை, மேலே பச்சைத் தோள். நாட்டுத் தக்காளி என்று கடையில் கேட்டால் கிடைக்கும் சாறு மிகுந்த, தோல் மெலிந்த பழங்களும் சாலட்டுக்கு ஏற்றவை. கெட்டியான பெங்களூர் தக்காளி பயணத்தைத் தாங்கும், பல நாள் நிற்கும். குழம்புக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை தக்காளிக் குவியலின் முன் நிற்கும்போது, மேல்பக்கம் சற்றே பச்சை படர்ந்திருப்பதைக் கண்டு ஒதுக்காதீர்கள். எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். மணம் இருந்தால் அரை கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் மூலையில் கவிழ்த்து வையுங்கள். வளர்ப்பவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது, வாங்குபவர்கள் நிறத்தைப் பார்த்து வாங்கியதாலும்தான். மணம் கேட்டு வாங்குபவர்கள் கூடினால், மணமுள்ள ரகங்களுக்கும் வயலில் இடம் கிடைக்கும்.