நாலுகால் துணையும் நான் விரும்பும் பணியும்

"பத்தாவது முடித்ததும் எந்தக் குரூப் எடுக்கப் போகிறாய்?" வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்த ஆண்டு என்னிடம் கேட்கும் கேள்வி இது. சமூகப் பணி படித்து, பிராணிகளின் துணையோடு நோயாளிகளுக்கு உதவப் போகிறேன் என்றேன். "நாய் பிடிக்கிற வேலைக்கா கான்வென்டில் படிக்க வைத்தோம்?" என்று சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை. ஆகவே அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை அன்புத் தோழியராகிய உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நியூயார்க் நகரில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தைகள் மனநல நிபுணர் இருந்தார். எவருடனும் ஒட்டாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவனை அவன் பெற்றோர் 1953ஆம் ஆண்டில் அவரிடம் அழைத்து வந்தனர். குறித்த நேரத்திற்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். லெவின்சனின் வளர்ப்பு நாய் ஜிங்கிள்ஸ் அப்போது அறையில்தான் இருந்தது. அது ஓடிப் போய்ச் சிறுவனை நக்கியது. அவனோ பயப்படாமல் அதை அணைத்துக் கொண்டான். பிறகு சில முறை வந்தபோதும் நாயுடன்தான் விளையாடினான். மெள்ள மெள்ள அந்த விளையாட்டில் லெவின்சனும் சேர்ந்து கொண்டார். கவனியுங்கள், நாய் அவனைக் குணப்படுத்தவில்லை. மனிதரிடம் போகும் வழியைத் திறந்து விட்டது, அவ்வளவுதான். இதை லெவின்சன் 1960களில் எடுத்துச் சொன்னபோது, "உமது கட்டணத்தில் நாய்க்கு எத்தனை பங்கு?" என்று கேலி செய்தவர்களும் உண்டாம். எங்கள் சித்தப்பாவைப் போன்றவர்கள் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறார்கள்!

இந்த எண்ணம் அதற்கும் பழையது. இங்கிலாந்தில் யார்க் என்னும் ஊரில் 1796இல் திறக்கப்பட்ட ரிட்ரீட் என்ற மனநோய் விடுதியின் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்த்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்த காலம் அது. நெடுநாள் நோயாளிக்குச் சிறு பிராணி நல்ல துணை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் எழுதியிருக்கிறார். அவர் அதீனா என்ற ஆந்தைக் குஞ்சை வளர்த்தவராயிற்றே! டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டல், இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தவர். குதிரை மேல் ஏற்றி இறக்கவே ஆள் வேண்டும். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். குதிரை நடக்கும்போது சவாரி செய்பவரின் இடுப்பு, நாம் நடக்கையில் அசைவதைப் போலவே அசைகிறது. குதிரையைக் கொண்டு உடற்பயிற்சி அளிக்கும் முறை அதனால்தான் பரவியது.

நம் சென்னையிலும் புளூ கிராஸ் அமைப்பு 'டாக்டர் டாக்' என்ற பெயரில் நாய்களைப் பிறரிடம் அழைத்துச் சென்றிருக்கிறது.

இதில் சமூகப் பணியாளருக்கு என்ன வேலை? நாயைக் கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தால் அது வெறும் பொழுதுபோக்கு. இன்ன நோயாளிக்கு இன்ன பயன் வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வாதம் வந்த கைக்கு நாயின் முடியைச் சீவிவிடுவது பயிற்சியாகும். பேசத் தயங்கும் குழந்தை 'உட்கார்' என்று கட்டளையிட்டால் அது பேச்சுப் பயிற்சி. ஒவ்வொரு முறையும் நடந்ததைக் குறித்து வைக்க வேண்டும். குடும்பத்தாரின் சம்மதம், ஒவ்வாமை உண்டா, நாயென்றால் அச்சமா, அவர்கள் வழக்கத்தில் நாயைத் தொடுவதுண்டா என்பதையெல்லாம் முதலில் கேட்டறிவதும் அவர் பொறுப்பே.

சென்ற கிறிஸ்துமஸுக்கு முன் எங்கள் வகுப்பு ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்றது. பாடினோம், பிஸ்கட் கொடுத்தோம். மூலையிலிருந்த ஒரு பாட்டி எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் யாருடனும் பேசுவதில்லை என்றார்கள். ஆனால் தம் சோற்றில் ஒரு பிடி ஒதுக்கி வைத்திருந்தார். சுவரேறி வந்த பூனைக்கு அதைப் போட்டு, "ஏண்டி, நேத்து வரலை?" என்று கேட்டார். என் காதால் கேட்டேன். அந்தப் பூனையின் பெயர் என்ன, உங்கள் வீட்டிலும் பூனை இருந்ததா என்று தொடங்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால்? எங்களுக்குத் தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது, புறப்பட்டு விட்டோம்.

படிப்பைப் பற்றி அப்பா பயப்பட வேண்டியதில்லை. எந்தப் பட்டம் பெற்றவரும் சமூகப் பணியில் முதுகலை படிக்கலாம். மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952இல் தொடங்கிய கல்லூரி சென்னையிலேயே இருக்கிறது. எனக்கு உளவியல் படித்துவிட்டு அங்கே சேர ஆசை. பிராணிப் பயிற்சியைத் தனியாகக் கற்க வேண்டும்.

நாயைத் தேர்ந்தெடுப்பதும் எளிதன்று. சாதி முக்கியமில்லை, குணம்தான் முக்கியம். நம் ராஜபாளையம் நாய் வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. அந்நியரிடம் எளிதில் அண்டாது. சாதுவான தெரு நாய்க்குட்டி அதைவிடப் பொருத்தமாக அமையலாம். வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். இன்னொன்றையும் பலர் மறந்து விடுகிறார்கள்: நாய்க்கும் களைப்பு உண்டு. அடிக்கடி கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, முகத்தைத் திருப்பிக் கொள்கிறதா என்று பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் செய்தால், எத்தனை குழந்தைகள் வரிசையில் காத்திருந்தாலும் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்தி, அதைத் தண்ணீர் குடிக்க அழைத்துப் போய்விட வேண்டும்.