நிறுத்தக் குறியில் ஒரு கொக்கி

லாஸ்பேட்டை ஏர்போர்ட் ரோட்டில் நான் தினமும் நின்று குடிக்கும் கடையின் பலகையில் ‘காஃபி’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அந்த ஃ மட்டும் சற்றுப் பெரிதாக. அஃது, எஃகு என்று ஒருசில சொற்களோடு ஒதுங்கியிருந்த எழுத்து அது. தமிழில் இல்லாத ஓர் ஒலியை எழுத வேண்டிவந்தபோது அதைத்தான் கூப்பிட்டோம்.

புரதங்களை ஒன்றோடொன்று கோக்கும் ஆராய்ச்சியிலும் இதேதான் நடந்தது.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சரம். எதை அடுத்து எது என்பதை மரபணுவின் மூன்றெழுத்துச் சொற்கள் சொல்கின்றன. மொத்தம் 64 சொற்கள். அவற்றில் மூன்று, ‘இதோடு நிறுத்து’ என்பவை. இந்தச் சங்கேதத்தை அவிழ்த்ததற்காக 1968-இல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் நம் ஹர் கோவிந்த் கொரானா. ஈ. கோலை பாக்டீரியாவில் அந்த மூன்றில் யுஏஜி அரிதாகவே வரும். 2001-இல் அமெரிக்காவில் பீட்டர் ஷுல்ட்ஸ் குழு அதற்குப் புது வேலை கொடுத்தது. கடலடி வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிடம் ஒரு டிஆர்என்ஏவையும் அதற்கான நொதியையும் இரவல் வாங்கி, யுஏஜி வரும் இடத்தில் இயற்கைப் பட்டியலில் இல்லாத ஓர் அமிலத்தை உட்கார வைத்தது.

இத்தனை பாடும் சரியான இடத்தில் கோப்பதற்காக. புரதங்களைக் கோக்க, வழக்கமாக லைசின் என்ற அமிலத்தில்தான் பசையை ஒட்டுவார்கள். நோயைப் பற்றும் புரதமான ஆன்டிபாடியின் மேல் லைசின்கள் ஏராளம். எதில் ஒட்டும் என்று சொல்ல முடியாது. நோயைப் பற்ற வேண்டிய முகத்திலேயே ஒட்டிவிட்டால் ஆன்டிபாடி வீண்.

2012-இல் அதே குழு இரண்டு ஆன்டிபாடித் துண்டுகளை எடுத்தது. ஒன்று மார்பகப் புற்றுச் செல்லின் ஹெர்2 என்ற புரதத்தைப் பற்றும். மற்றது நம் உடலைக் காக்கும் டி செல்லைப் பற்றும். இரண்டிலும், தேர்ந்தெடுத்த ஓர் இடத்தில், கீட்டோன் என்ற கொக்கி கொண்ட புது அமிலம். அந்தக் கொக்கியில் ஒன்றுக்கு அசைடு முனை, இன்னொன்றுக்கு ஆல்கைன் வளையம். கலந்தால் ரவிக்கையின் பிரஸ் பட்டன் மாதிரி தன் ஜோடியை மட்டுமே கவ்வும். ஆய்வகத்தில் டி செல் புற்றுச் செல்லின் பக்கத்தில் போய் நின்றது, கொன்றது. இந்தக் கவ்வும் வேதியியலுக்குத்தான் 2022-இன் நோபல்.

சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி நிறைகுளம் அய்யாதுரை, தென்கொரியக் குழுவோடு 2011-இல் வெளியிட்ட ஆய்வை நான் விரும்பிப் படித்தேன். அவர்கள் நிறுத்தக் குறியைத் தொடவில்லை. பச்சையாக ஒளிரும் புரதத்தில் டைரோசின் என்ற அமிலம் இருந்த இடங்களில் டோபா என்ற அமிலத்தை வைத்தார்கள். அலை அடிக்கும் பாறையைக் கடல் மட்டிகள் விடாமல் பிடித்திருப்பது டோபாவின் பலத்தால். அந்தப் புரதத்தைக் கைட்டோசானோடு பிணைத்தார்கள். கைட்டோசான் எடுப்பது இறால் ஓட்டிலிருந்து; ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உரித்துக் குப்பையில் போடுகிற அதே ஓடு.