நாய் உறுமினா திட்டாதீங்க

இன்னைக்கு எங்க வீட்டு மணியோட கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். மணி ராஜபாளையம் நாய், வீடு நாகர்கோவில்ல. ரெண்டு வயசு வரைக்கும் அவன் உலகம் காம்பவுண்டு சுவருக்குள்ளதான். மத்த நாய்னா அவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேக்குற ஒரு குரைப்பு, அவ்வளவுதான். அப்படிப்பட்டவனை நேரா ஆறு நாய்ங்க நிக்கிற ட்ரெய்னிங் கிளாஸ்ல கொண்டுபோய் நிறுத்தினேன். உறுமினான். திட்டி, சங்கிலியைச் சுண்டி இழுத்தேன். உறுமல் நின்னுச்சு. பரவாயில்லையேன்னு நினைச்சேன். அடுத்த வாரம், சத்தமே இல்லாம, பக்கத்துல நின்ன லாப்ரடாரோட காதைக் கவ்விட்டான்.

நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, வார்னிங் லாக்கை ஆஃப் பண்ணிட்டு, சர்வர் ஏன் திடீர்னு விழுந்துச்சுன்னு கேட்டிருக்கேன். உறுமல்ங்கிறது 'கிட்ட வராதே'ன்னு நாய் சொல்ற தகவல். அதை அடக்கினா பயம் போகாது, தகவல் மட்டும்தான் போகும்.

குரூப் கிளாஸ்ல முரட்டு நாய்னு பேர் வாங்குறதுல பல நாய்ங்க உண்மையில பயந்துபோன நாய்ங்க. அதுங்களுக்கு முதல் மருந்து தூரம். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு எல்லைக்கோடு இருக்கு; அதுக்கு வெளிய நின்னா மத்த நாயைப் பார்த்துட்டுத் திரும்பி உங்களைப் பார்க்கும். உள்ள வந்துட்டா உடம்பு விறைக்கும், வாய் மூடிக்கும், உதட்டை நக்கும், கண்ணுல வெள்ளை தெரியும். கோழித் துண்டை நீட்டினாலும் பல நேரம் மோந்துகூடப் பார்க்காது. அந்த நேரத்துல 'சிட்'னு கத்திப் பிரயோஜனம் இல்ல. பேசாம திரும்பி நடங்க.

அதனால நல்லா நடத்துற கிளாஸ்ல முதல் நாள் நாயையே கூட்டிட்டு வரச் சொல்ல மாட்டாங்க. ஆளுங்களுக்கு மட்டும்தான் பாடம். கயிறைப் பிடிக்கிறது எப்படி, தீனியை எப்போ கொடுக்கிறதுன்னு. அப்புறம் சிரமப்படுற நாயை மைதானத்தோட ஓரத்துல, நிறுத்தியிருக்கிற கார் மாதிரி ஒரு மறைவுக்குப் பக்கத்துல நிறுத்துவாங்க. உடனே வெளிய போக வழியும் இருக்கும்.

தீனி கொடுக்கிறதுல வரிசை முக்கியம். முதல்ல மத்த நாய் கண்ணுல படணும், அப்புறம்தான் கோழித் துண்டு. பாவ்லோவ் கதைதான்: மணி அடிச்ச பிறகு சாப்பாடு வரணும். வரிசை மாறினா, நீங்க தீனிப் பையைத் தொட்டாலே 'ஐயோ, நாய் வருது'ன்னு அது கத்துக்கும். இந்தத் தப்பையும் நான் பண்ணியிருக்கேன்.

இனத்தையும் கொஞ்சம் பார்க்கணும். ராஜபாளையம் காவலுக்கு வளர்த்த நாய். அந்நியரைச் சந்தேகப்படுறது அதோட ரத்தத்துலயே இருக்கு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்த வளர்த்தது. பைக் போனா அதுங்க தலை திரும்பத்தான் செய்யும். லாப்ரடாருக்கு எழுதின பாடத்தை இதுங்க அதே வேகத்துல முடிக்கலைன்னா 'மக்கு'ன்னு சொல்லாதீங்க.

சரி, 'ஏற்கெனவே கடிச்ச நாயை என்ன பண்றது?' 2024 மே மாசம் சென்னை ஆயிரம் விளக்குல, மாநகராட்சிப் பூங்காவுல ரெண்டு ராட்வெய்லர் 5 வயசுக் குழந்தையைக் கடிச்சது ஞாபகம் இருக்கும். அதனால இதுல விளையாட்டு வேண்டாம். கடிச்ச நாயைக் குரூப்ல சேர்க்காதீங்க. முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. காது வலி, மூட்டு வலி இருந்தாலும் நாய் கடிக்கும். வெளிய போகும்போது வாய்மூடி போடுங்க. அதுலயும் கூடை மாதிரி இருக்கிறதை வாங்குங்க. வாயை இறுக்கிக் கட்டுற துணி வகை நம்ம வெயிலுக்கு ஆபத்து. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். கூடை வகையில தண்ணியும் குடிக்கலாம்.

மணி இப்போ வேற கிளாஸ்ல, தனியா. ஆரம்பத்துல ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் தெரிஞ்சாலே துள்ளுவான். நாலு மாசத்துக்கு அப்புறம் பத்து மீட்டர் தூரத்துல நாய் நின்னாலும் என் முகத்தைப் பார்த்துக் கோழித் துண்டு கேக்குறான். நடுவுல உறுமவும் செய்றான். உறுமினா ரெண்டு எட்டு பின்னாடி போயிடுறோம். லாப்ரடார்காரர் மட்டும் இன்னும் என்கிட்ட சரியா பேசல.